ஒரு பிடிக் கொழுந்து

கொழும்பில் ஒரு பெரிய கம்பனியின் ஆளணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மாத்தளைக்குத் திரும்பி வந்து வீட்டில் சும்மா இருந்த காலம். டவுனுக்கு வெளியே இருந்த வாசனைச் சரக்குத் தொழிற்சாலையின் முதலாளி ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். எல்லோரும் அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சேர், எங்கட ஃபெக்டரியில இளசுகள் நிக்கிதில்ல. பழசுகள் போகுதில்ல. ரெண்டையும் எப்பிடியாச்சும் ஒண்டாக் கட்டிப்போடுங்க."

அவர் சொன்னது உண்மைதான். கராம்பு, மிளகு, சாதிக்காய் எல்லாம் அங்கே வந்து இறங்கும். பெண்கள் சுத்தம் செய்து தரம் பிரித்துக் கொடுத்தால், பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இளம்பிள்ளைகள் வேலை பழகிய கையோடு சீகிரியாப் பக்கத்து ஹோட்டல்களுக்கோ, தையல் ஃபெக்டரிகளுக்கோ, துபாய்க்கோ போய்விடுவார்கள். வயதானவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அறுபதைத் தாண்டியும் நாள்கூலிக்கு வந்துகொண்டே இருப்பார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கும் அவளுடைய பாட்டி வயதில் இருந்தவளுக்கும் ஒரே மேசை, ஒரே சலுகை. பெருநாளுக்கும் தீபாவளிக்கும் ஆளுக்கொரு பார்சல் சீனியும் மாவும், அவ்வளவுதான். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்களும் தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். எல்லா வயதினருக்கும் பொருந்துகிற ஒரு நலத்திட்டம் வேண்டும் என்றார் ஹாஜியார். அது நான் படித்த படிப்பு. உடனே ஒத்துக்கொண்டேன்.

அந்தத் தொழிற்சாலையில் என் அக்காவும் வேலை செய்தாள். எனக்கு முன்பே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மலைகள் காடாகிப்போனதும் அங்கே வந்து சேர்ந்தவள் அவள். அவள் வேலையை நான் வாங்கிக் கொடுக்கவில்லை. ஆனால் என் படிப்பை வாங்கிக் கொடுத்தது அவள். அப்பா செத்தபோது எங்கள் இரண்டு பேரில் ஒருவர்தான் தொடர்ந்து பள்ளிக்கூடம் போக முடியும் என்று ஆனது. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

நான் வேலைக்குப் போன முதல் நாள் தரம்பிரிக்கும் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அக்கா எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்க சேர், இருங்க சேர்" என்றாள். மண்டபமே சிரித்தது.

"அக்கா, ஒங்க தம்பியா இவரு? ஒங்களவிட வயசானவரா தெரியுறாரே" என்றாள் பக்கத்தில் இருந்த பிள்ளை.

"படிச்சுப் படிச்சு அப்புடி ஆயிட்டான். நீயும் படிக்காதே."

மேசைக்கு ஐந்து பேர். தகரம் அடித்த நீளமான மேசை. நடுவில் கராம்பைக் கொட்டிவிடுவார்கள். சுற்றி இருப்பவர்கள் காம்பையும் தலை உடைந்ததையும் கிள்ளி ஒதுக்கிவிட்டு, நல்லதை ஒரே கூடையில் தள்ளுவார்கள். கூடையைத்தான் நிறுப்பார்கள், ஆளை அல்ல. அதிகமாகச் செய்தால் வருகிற பணம் மேசைக்குச் சமமாகப் பிரியும். இதை நான் முதல் நாளே கவனித்தேன். பழைய முறை, யார் எவ்வளவு செய்கிறார்கள் என்று தெரியாத முறை என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

திட்டம் போடுமுன் எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்பது என் கொள்கை. வயதுவாரியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். இளம்பிள்ளைகள் போனுக்கு ரீலோட் காசு, பரீட்சைக்கு லீவு, சனிக்கிழமை அரைநாள் என்றார்கள். பிள்ளை பெற்றவர்கள் பள்ளிக்கூடச் சாமான், ஆஸ்பத்திரிச் செலவு என்றார்கள். வயதானவர்கள் முறை வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அக்காதான் சொன்னாள்.

"எங்கள இந்த எடத்திலயே உட்கார விடுங்க. அது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேட்கத் தெரியாதவர்கள், நாம்தான் யோசித்துக் கொடுக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். மற்றவர்களுக்கு அவர்கள் கேட்டதையே கொடுத்தேன். இவர்களுக்கு முதுகு சாய்கிற நாற்காலி, ஒரு மணித்தியாலம் குறைந்த வேலை, வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை, இலவசக் கண்ணாடி என்று நானே எழுதினேன். கண்ணாடி போட்டும் பார்வை தேறாதவர்களைத் தரம்பிரிப்பிலிருந்து எடுத்து, கௌரவமாக ஒரு தொகை கொடுத்து அனுப்ப வேண்டும் என்றும் சேர்த்தேன். உணவுப் பொருள், வெளிநாட்டுச் சந்தை, அது நியாயம்தான். இன்னொரு விதியையும் எழுதினேன். ஒருவருடைய சலுகை அவருக்கு மட்டும்தான், அதை வேறொருவருக்கு மாற்ற முடியாது. கொழும்பில் சலுகைகளைக் கைமாற்றி ஏமாற்றியவர்களைப் பார்த்திருந்தேன். அந்த விதியைத் திட்டத்தின் முதுகெலும்பு என்று ஹாஜியாரிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

கண் பரிசோதனைக்கு வயதானவர்கள் வர மறுத்தார்கள். தலைவலி, கோயில், மருமகள் பேறுகாலம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சாட்டு. பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, நீ முதல் ஆளாகப் போகவேண்டும் என்று சொன்னேன்.

"மத்தவங்கள மொதல்ல அனுப்பு. நான் கடைசியில வர்றேன்."

"நீ போகலேன்னா யாரும் போகமாட்டாங்க. என் அக்காவே போகலேன்னு சொல்லுவாங்க."

"எனக்கு என்னா கொறச்சல்? ஒன் தலையில மசுரு கொட்டிப்போனது இங்கேயிருந்தே தெரியுது."

"அப்போ பயமில்லாம வா."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மீன் துண்டு தட்டின் ஓரத்தில் இருந்தது. அவள் விரல் அதைத் தேடி வந்தது. அன்றைக்கு அதைப் பார்த்தேன் என்று சொல்லமுடியாது. இப்போது நினைக்கும்போது பார்க்கிறேன்.

"சரி. ஒனக்காக வர்றேன்" என்றாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் கண் டொக்டர் பலகையை மாட்டினார். எழுத்துத் தெரியாதவர்களுக்கான பலகை. மூன்று கால் உள்ள ஒரே உருவம் மேலே, கீழே, இடது, வலது என்று திரும்பித் திரும்பி நிற்கும். அது பார்க்கிற பக்கத்தைக் கையால் காட்ட வேண்டும். அக்கா முதலில் உட்கார்ந்தாள். பெரிய உருவத்தைச் சரியாகக் காட்டினாள். அடுத்ததையும் சரியாகக் காட்டினாள். மூன்றாவதிலும் கை சரியாகப் போனது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் அவள் மேசையில் வேலை செய்கிற பிள்ளை, சுவரோரம் நின்று, ஒவ்வொரு முறையும் இருமுவது காதில் விழுந்தது. ஒரு இருமலுக்குக் கை மேலே. இரண்டு இருமலுக்குக் கீழே.

"என்னா இருமல் அது?" என்று கேட்டேன்.

"மொளகுத் தூசி, சேர்."

"இன்னைக்கு ஃபெக்டரியில கராம்புதானே ஓடுது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சரியான பதில் சொல்லிவிட்ட சந்தோஷம் எனக்கு. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அவளை வெளியே போகச் சொன்னேன்.

டொக்டர் அடுத்த உருவத்தைத் தொட்டுக் காட்டினார். அக்காவின் கை மடியிலிருந்து எழுந்து பாதியில் நின்றது. பிறகு மெதுவாக மேலே காட்டினாள். அந்த உருவம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துப்போயிருக்கிறது, போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடலாம் என்றார். "இவங்க தரம்பிரிப்பிலயா இருக்காங்க? எப்படி?" என்று கேட்டார்.

எப்படி என்று அன்று பின்னேரம் போய்ப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் நின்றேன். அக்காவின் விரல்கள் மற்றவர்களைப்போலவே வேகமாக ஓடின. ஆனால் அவள் ஒதுக்கியதில் நல்ல கராம்பு இருந்தது, அவள் தள்ளியதில் காம்பு இருந்தது. இடப்பக்கம் இருந்தவள் இருமிய பிள்ளை. வலப்பக்கம் ஒரு முஸ்லிம் பிள்ளை, அக்காவை ராத்தா என்று கூப்பிடுபவள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே, அக்காவின் பக்கம் திரும்பாமலே, அவள் தள்ளியதிலிருந்து காம்புகளைப் பொறுக்கி எடுத்தார்கள். நல்லதைத் திரும்ப எடுத்துக் கூடையில் போட்டார்கள்.

"ராத்தா, அந்த நாடகத்தில அவன் கடைசியில அவளக் கட்டினானா?"

"கட்டாம எங்க போவான். ஒரு வருசமா இழுக்கிறான்."

அக்கா கதை சொன்னாள், அவர்கள் கேட்டார்கள். டீவியில் அவள் காதால் கேட்ட நாடகம். கைகள் அவற்றின் பாட்டுக்கு வேலை செய்தன. அந்த மேசையின் நிறை மற்ற மேசைகளைவிடக் குறைந்ததே இல்லை.

விதியை எழுதியவன் நான். முதலில் அது பிடித்தது என் அக்காவை. அவளுக்காக அதைத் தளர்த்தினால் என்ன சொல்வார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவள் என்ன ஆவாள் என்பது அல்ல. அவளை வேலையிலிருந்து அனுப்புகிற கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாமல் கேட் வரைக்கும் அவளோடு நடந்துபோய், நானே வாசித்துக் காட்டினேன். முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"கையெழுத்து நீதான் போட்டியா?"

"ஆமாக்கா."

"நல்லது. வேற யாராச்சும் போட்டிருந்தா மனசு கஷ்டமா இருந்திருக்கும்."

மறுவாரம் அந்த மேசைப் பிள்ளைகள் மூன்று பேர் என் அறைக்கு வந்தார்கள். இருமியவள்தான் பேசினாள்.

"சேர், எங்களுக்கு அந்த ரீலோட் வேணாங்க. அதை வெட்டிக்கிட்டு அக்காவ மேசையில உட்கார வைங்க. சம்பளம்கூட வேணாம்னு அக்கா சொல்லுது. சும்மா உட்காரட்டும்."

"அது ஒங்க சலுகை. ஒருத்தர் சலுகைய இன்னொருத்தருக்கு மாத்த முடியாது."

"ஏன் சேர் முடியாது? மலையில மாத்துவாங்கதானே?"

"எந்த மலையில?"

"கொழுந்து மலையில. எங்கம்மா சொல்லும். நீங்களும் தோட்டத்து ஆள்தானே சேர்."

எனக்குத் தெரியும். தெரியாமல் எப்படி? அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் விரல் மடங்காது. கணக்குக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு ஏறுகிற வளைவில் இளம்பெண்கள் நிற்பார்கள். அம்மா கடந்து போகும்போது ஒவ்வொருத்தியும் தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி அம்மாவின் கூடையில் போடுவாள். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். பேச்சும் நிற்காது. அம்மா தராசடிக்குப் போய்ச் சேரும்போது கூடை நிறைந்திருக்கும், முழுப்பேர் விழும். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். அந்த வளைவில் நின்று போட்டவர்களில் அக்காவும் ஒருத்தி. மகள் போடுகிறாள் என்று யாரும் குறை சொன்னதில்லை. அந்தப் பிடிக் கொழுந்தில் வந்த முழுப்பேரில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

இது எல்லாம் அந்தப் பிள்ளைகள் எதிரில் நிற்கும்போதே எனக்கு ஞாபகம் வந்தது. பிறகு வந்தது என்று சொன்னால் அது பொய். ஞாபகம் வந்தும்தான் சொன்னேன்.

"இது மலை இல்ல. இங்க விதி இருக்கு. அதுவும் என் சொந்த அக்கா விஷயம். நான் எப்படிச் செய்வேன்?"

"சொந்த அக்கான்னுதானே ஒங்ககிட்ட வந்தோம்" என்றாள் முஸ்லிம் பிள்ளை. அதற்குமேல் அவர்கள் நிற்கவில்லை.

திட்டம் நன்றாக நடந்தது. ஹாஜியார் சந்தோஷப்பட்டார். சரக்கு வாங்குகிறவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கண்டியில் ஒரு ஹோட்டலில், பல வயதினர் சேர்ந்து வேலை செய்யும் இடங்களுக்கு நலத்திட்டம் அமைப்பது பற்றி என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கோட் போட்டுக்கொண்டு போய்ப் பேசினேன். கை தட்டினார்கள். அந்த நேரத்தில் அக்கா வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்து என்றுகூடச் சொல்லமுடியாது. இருமிய பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அந்த வருடமே வேலையை விட்டுப் போனார்கள். இளசுகள் நிற்பதில்லை என்று ஹாஜியார் மறுபடியும் சொன்னார்.

அக்காவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள் தம்புள்ளையில் இருந்தாள். அவள் புருஷன் மரக்கறிச் சந்தையில் லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவன். வேலைக்குப் போகிறவரைக்கும் அக்கா தனியாக இருந்து சமாளித்தாள். காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பஸ் ஏறுவாள், மாலையில் அவளோடு திரும்புவாள். வேலை போனதும் வெளியே கூட்டிப்போக ஆள் இல்லை. தண்ணிப் பைப்படியில் ஒரு தடவை விழுந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்றேன். "ஒன் வீட்டுல எல்லாம் மாபிள் தரை, எனக்கு வழுக்கும்" என்று சொல்லிவிட்டு மகளோடு தம்புள்ளைக்குப் போய்விட்டாள்.

நானும் பிறகு வேலையை விட்டுவிட்டேன். இப்போது மாதத்துக்கு ஒரு முறை தம்புள்ளைக்குப் போகிறேன். சந்தைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. நாள் முழுக்க லொறிச் சத்தம். அக்காவுக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிகிறது. என் செருப்புச் சத்தத்தைக் கேட்டதும், "வாடா தம்பி, சாப்பிட்டியா" என்பாள். ஏசினால் நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு போகிறேன். அவள் ஏசுவதில்லை.

போன மாதம் போனபோது நானே கேட்டேன்.

"கண்ணு தெரியலேன்னு அன்னைக்கே ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்ப?"

சொல்லியிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அவளுக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது.

அவளே பேச்சை மாற்றினாள். "என் எடத்துல இப்ப யாரு உட்கார்றா?"

தொழிற்சாலையில் இப்போது மேசைகளே இல்லை. ஹாஜியாரின் மகன் மெஷின் வாங்கிப் போட்டுவிட்டார். கெமரா பார்க்கும், காற்று ஊதிக் காம்பைத் தள்ளும்.

"யாரும் இல்லக்கா. அது அப்புடியே காலியாத்தான் கெடக்கு."

அக்கா சிரித்தாள். "வேல நடக்கிற எடத்துல எடத்தக் காலியா போடுவாங்களாடா? பொய் சொல்லவும் தெரியல ஒனக்கு. யாராச்சும் வந்தா உட்காரட்டும். அந்தப் பக்கம் காத்து நல்லா வரும்னு சொல்லு."

அவள் மடிக்கு முன்னால் ஒரு சுளகில் காய்ந்த செத்தல் மிளகாய் இருந்தது. சந்தை யாவாரிகளிடமிருந்து மகள் மூட்டையாக எடுத்துவந்து காம்பு கிள்ளிக் கொடுக்கிறாள். அக்காவும் சேர்ந்து கிள்ளுகிறாள். அக்கா விட்டுப்போன காம்புகளைப் பிறகு தான் எடுத்துவிடுவதாக மகள் என்னிடம் அடுப்படியில் வைத்துச் சொல்லியிருந்தாள். "அம்மாவுக்குத் தெரியாது மாமா. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரிதான் இருக்கும்."

அக்காவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அவள் கிள்ளிப் போட்ட குவியலில் காம்போடு சில மிளகாய் கிடந்தது. பேசிக்கொண்டே கையை நீட்டி ஒன்றை எடுத்தேன், காம்பைக் கிள்ளினேன், சத்தமில்லாமல் திரும்பப் போட்டேன். இன்னொன்றை எடுத்தேன். மூன்றாவதை எடுக்கும்போது அக்காவின் விரல்கள் நின்றுவிட்டன.

"விடு தம்பி. ஒன் கை எரியும்."

"பரவாயில்லக்கா."

"வேணாம்டா. இது ஒன் வேல இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் அடுப்புப் பக்கம் போனால் சொல்வாளே, அந்தக் குரல்தான். சுளகை மெதுவாக இழுத்துத் தனக்கு மறுபக்கத்தில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் கிள்ளத் தொடங்கினாள். விரல் நுனி எரிய, பஸ்ஸுக்கு நேரமாகும் வரைக்கும் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.